சிவகங்கை ஜமீன் மகளுக்குச் சேர்ந்தது எப்படி?

“பங்காளிகளான ஆண்கள் இருக்கும்போது, சிவகங்கை ஜமீன் காத்தம நாச்சியார் என்ற மகளுக்கு எப்படிப் போயிற்று?” என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் வெகுநாளாக எதிர்பார்த்திருந்த கேள்வி இது.

மருது சகோதரர்களைப் பற்றிய உரையில் சொன்னதையே மீண்டும் சொல்கிறேன்: 1801-க்குப் பிறகு சிவகங்கையை ஆண்டவருக்கு உரிமை தந்தது வம்சம் அன்று, கிழக்கிந்தியக் கும்பெனியின் சனது, அதாவது உரிமைப் பத்திரம். அந்த ஆண்டில் கும்பெனி கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தாராக்கியது. 1803-இல் ஜமீன் கும்பெனிக்குச் செலுத்த வேண்டிய கப்பமான பேஷ்குஷ் நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது. அவர் 1829-இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது, அவருடன் பிறந்த ஒய்யாத் தேவரின் மகன், ‘நாங்கள் பாகம் பிரியாத குடும்பம்’ என்று சொல்லி ஜமீனைக் கைக்கொண்டார். கௌரி வல்லபரின் விதவையர் வழக்கிட்டார்கள், அவர்களுக்குப் பின் மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்தார்.

1863-இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. குடும்பம் பிரியாததாகவே இருந்தாலும், சனதின் மூலம் கௌரி வல்லபருக்குக் கிடைத்த ஜமீன் அவருடைய சுயார்ஜிதம், அதாவது அவரே ஈட்டிய சொத்து. ஆகவே மிதாட்சரம் என்னும் இந்து வாரிசுச் சட்டநெறிப்படி அது பங்காளிகளுக்குப் போகாமல் மனைவிக்கும், அவளுக்குப் பின் மகளுக்கும் சேரும் என்பதே அதன் சாரம். பழைய அரச மரபின் பெயரால் அமர்த்தப்பட்டவருடைய மகள், தந்தையின் சொத்து பூர்வீகம் அன்று என்று வாதாடித்தான் வெல்ல வேண்டியிருந்தது. இதைவிடத் தெளிவாகச் சனதின் வலிமையைக் காட்ட வேறு சான்று எனக்குத் தெரியாது.

நேயர் கேட்டிருக்கலாமே என்று நான் நினைக்கும் கேள்வி இன்னொன்று உண்டு: முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த இந்த வழக்கின் செலவைச் சுமந்தவர் யார்? ஜமீனின் வருமானம் குடியானவர் கொடுத்த வாரமும் (விளைச்சலில் பங்கு) தீர்வையுமே. மானாவாரியும் கண்மாய்ப் பாசனமுமாக வாழ்ந்த அந்தச் சீமையில் கரையை உயர்த்துவதும் மடையைச் செப்பனிடுவதும் ஜமீன்தாரின் பொறுப்பு. நாளை தன் கையில் இருக்குமா என்று தெரியாத சொத்தில் எவர் மண்வெட்டியைப் போடச் சொல்வார்? காத்தம நாச்சியார் 1877-இல் இறந்ததும் கௌரி வல்லபரின் மகள் வயிற்றுப் பேரன்களுக்கிடையே வழக்கு மூண்டு, 1881-இல் மறுபடியும் பிரிவி கவுன்சில் வரை சென்றது. பிற்காலத்தில் ஜமீனே ஐரோப்பியரிடம் குத்தகைக்குப் போனது. வாரம் கொடுத்தவர் மட்டும் பழைய குடியானவரே.