செத்ததாகச் சொல்லி ஸ்டார் ஆக்கப்பட்ட நடிகை!

வணக்கம் மக்களே! 1910 மார்ச். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் கூட்டம் முண்டியடிக்கிறது. இறங்கப்போவது ஒரு நடிகை. டிராம் மோதி இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே நடிகை!

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம்)

பெயர் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ். பிறந்தது 1886, கனடாவின் ஹாமில்டன். அம்மா நாடக நடிகை, அதனால் சின்ன வயதிலேயே மேடை, அப்புறம் சினிமா. போதும், விஷயத்துக்கு வருவோம்.

1908இல் பயோகிராஃப் கம்பெனியில் சேர்கிறார். இயக்குநர் டி.டபிள்யூ.கிரிஃபித். படங்கள் ஓடுகின்றன, ரசிகர்கள் கடிதம் போடுகிறார்கள். ஆனால் பெயர்? டைட்டிலில் போடவே மாட்டார்கள்! பெயர் தெரிந்தால் சம்பளத்தை ஏற்றிக் கேட்பார்கள் என்று முதலாளிகளுக்குப் பயம். ஊருக்கெல்லாம் அவர் வெறும் 'பயோகிராஃப் பெண்'.

இங்கேதான் கார்ல் லேம்லி வருகிறார். பின்னாளில் யுனிவர்சல் ஸ்டுடியோவைத் தொடங்கியவர். லாரன்ஸைத் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டார். அப்புறம் அந்தச் சாவுச் செய்தி. உடனே சினிமாப் பத்திரிகையில் லேம்லியின் விளம்பரம்: இது பொய், போட்டிக்காரர்கள் கிளப்பிய வதந்தி, எங்கள் நடிகை நலம், அடுத்த படம் தயார்! கூடவே லாரன்ஸின் பெயரும் முகமும்.

வதந்தியைக் கிளப்பியதே லேம்லிதான் என்பது காலங்காலமாக ஓடும் பேச்சு. நானும் அந்தக் கட்சிதான். ஒரு மறுப்பில் பெயர், முகம், படம் எல்லாமே விளம்பரமாகிவிட்டதே! நன்றாக இருக்கும் நடிகருக்கு மாலை போட்டு 'சற்றுமுன் காலமானார்' என்று தம்ப்நெயில் வைக்கும் சக யூடியூபர்களே, உங்கள் கொள்ளுத்தாத்தா இவர்தான். (என் தம்ப்நெயிலைப் பார்த்துத் திட்டாதீர்கள், நான் 'சொல்லி' என்று போட்டிருக்கிறேன்!)

அப்புறம்தான் அந்த ரயில் நிலையக் கூட்டம். ரசிகர்கள் அவருடைய கோட்டுப் பொத்தான்களைக்கூடப் பிய்த்து எடுத்தார்களாம்.

மீதி வேதனை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்பில் தீக்காயம், வாய்ப்புகள் போயின, 1930களில் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் துக்கடா வேடங்கள், 1938 டிசம்பரில் தற்கொலை. கல்லறையில் பெயர் பொறித்ததே 1991இல்தான்.

இன்னொன்று. இவருக்குக் கார் என்றால் உயிர். பொத்தானை அழுத்தினால் காரின் பின்னால் கை மாதிரி ஒன்று எழுந்து, திரும்பப்போகும் திசையைக் காட்டும். பிரேக்கை மிதித்தால் 'நில்' என்ற பலகை மேலே வரும். 1914 வாக்கில் இவரே யோசித்துச் செய்தது! காப்புரிமை எடுக்கவில்லை, காசும் வரவில்லை. இதற்குத் தனி வீடியோ வேண்டுமா? கமெண்டில் 'சிக்னல்' என்று போடுங்கள், பார்ப்போம்.