ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படலை

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

காலை ஆறரை மணிக்கு யாழ்ப்பாண நகரத்தை நோக்கி வரும் எந்த வீதியில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். காங்கேசன்துறை வீதியோ பலாலி வீதியோ மானிப்பாய் வீதியோ, எங்கும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள். பஸ்ஸின் மிதிபலகையில் நிற்கிறார்கள், வானுக்குள் நெருங்கியிருக்கிறார்கள், அப்பாவின் மோட்டார் சைக்கிளில் புத்தகப்பையோடு வருகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படலையைக் கடந்துதான் வருகிறார்கள். அந்தப் படலைக்கு உள்ளேயும் அதே சீருடை, அதே அரசாங்கப் பாடநூல், அதே பாடத்திட்டம். சாதாரண தரப் பரீட்சைக்கு அதே வினாத்தாள். பிறகு ஏன் கடந்து வருகிறார்கள்? கணிதம் படிப்பித்தே தலை நரைத்தவன் நான். நகரத்திலும் படிப்பித்தேன், தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் படிப்பித்தேன். அந்த ஆண்டுகள் முழுவதும் என்னை விடாமல் தொடர்ந்த கேள்வி இது.

நல்ல பள்ளிக்கூடம் நகரத்தில்தான் இருக்கும் என்ற எண்ணம் எங்கள் மண்ணில் பழையதல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும்தான் நிலைகொண்டார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி எழுந்தது, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரல் விசுவநாதபிள்ளையும் அந்த வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். பின்னர் எங்கள் பெரியார்கள் முன்வந்தார்கள். தெல்லிப்பழையில் 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனாவைத் தொடங்கினார். மருதனார்மடத்தில் 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்கள் கல்லூரியை நிறுவினார். இவையெல்லாம் தோட்டவெளிகளுக்கும் பனங்கூடல்களுக்கும் நடுவே எழுந்தவை. விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பிள்ளைகள் படித்த இடங்கள்.

போர் இதைக் கலைத்தது உண்மை. 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது சனங்களோடு பள்ளிக்கூடங்களும் இடம்பெயர்ந்தன. 1995இல் வலிகாமம் முழுவதுமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. ஊர் திரும்பக் காலம் எடுத்தது. அதற்குள் பலருடைய பிள்ளைகள் நகரப் பாடசாலைகளில் நிலைத்துவிட்டார்கள். ஆனால் போரை மட்டும் குற்றஞ்சாட்ட நான் தயாரில்லை. போரே காணாத பிள்ளைகள்தான் இன்று அந்தப் படலையைக் கடந்து போகிறார்கள்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், 1940களில், கெட்டிக்கார ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் உதவிப் பணமும் கிடைக்கட்டும் என்று வந்த ஏற்பாடு அது. அக்காலத்து மத்திய கல்லூரிகள் கிராமத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து நகரங்களுக்கு வெளியே அமைக்கப்பட்டவை. இன்று அந்தப் பரீட்சை செய்யும் வேலை என்ன? ஓர் ஊரில் ஐந்தாம் தரத்தில் பதினைந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். முன்னுக்கு நின்ற நான்கு பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டி நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கும் நான்கு பெற்றோரும் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறையும். ஆசிரியர் குறைந்தால் புலமைப்பரிசில் எடுக்காத பிள்ளைகளின் பெற்றோரும் வேறு பாடசாலை தேடுவார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துச் சாதாரண தரப் பெறுபேறு வரும்போது இரண்டு பாடசாலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்து, "கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் ஏறாது" என்று சொல்கிறோம். பத்து வயதில் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டு, பதினாறு வயதில் ஒப்பிடுகிறோம். இது நீதியா?

கணிதம் ஏறாது என்ற அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வருகிறான்.

வடமராட்சி கிழக்கில் ஒரு பாடசாலை, கடலிலிருந்து கூப்பிடு தூரம். பத்தாம் தர வகுப்பு. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் பதிலாள் வராததால், அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் தரத்தின் பெரும்பகுதியைக் கணிதம் இல்லாமலே கழித்திருந்தார்கள். நான் கேத்திரகணிதத்தை அடியிலிருந்து தொடங்கினேன். வானொலியில் படம் கீறிக் காட்ட முடியாது. ஆனாலும் நீங்கள் எல்லோரும் படித்த விடயந்தான்: சமாந்தரம் இல்லாத இரண்டு நேர்கோடுகள் ஒரேயொரு புள்ளியில் வெட்டும். ஏன் ஒரேயொரு புள்ளி என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. அதுவரை வாயே திறக்காத பையன் ஒருவன் பின்வாங்கிலிருந்து எழும்பினான்.

"இரண்டு இடத்தில் வெட்டினால் அப்பாவால் வலையைக் கண்டுபிடிக்க முடியாது சேர்."

வகுப்புச் சிரித்தது. நான் அவனை முன்னே கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். மாலையில் கடலில் வலையைப் போட்டுவிட்டு வருவார்களாம். விடியமுன் போய் அதே இடத்தைப் பிடிக்கவேண்டும். கரையைப் பார்த்தபடி, கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தாங்கியும் ஒன்றை ஒன்று மறைக்கும்வரை படகை நகர்த்தவேண்டும். அந்த நேர் பிசகாமல் ஓடிக்கொண்டு, மற்றப் பக்கத்தில் தேவாலயத்துச் சிலுவையும் ஒற்றைப் பனையும் ஒன்றாகும்போது நிறுத்தவேண்டும். வலை அங்கேதான். முதற் சோடி ஒரு கோடு, இரண்டாம் சோடி இன்னொரு கோடு, இரண்டும் வெட்டும் புள்ளியில் படகு. அவன் சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் கீறிக்கொண்டே போனேன்.

நான் விடவில்லை. "இரண்டு சோடியும் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "பிழைத்துப்போகும் சேர். கொஞ்சம் விலகினாலும் இடம் எங்கேயோ மாறிவிடும். நல்ல குறுக்காக இருக்கும் சோடியைத்தான் அப்பா எடுப்பார்."

நேயர்களே, கோடுகள் ஒடுங்கிய கோணத்தில் வெட்டினால் சிறிய பிழை பெரிதாகும் என்பது நில அளவை படிக்கும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். பதினைந்து வயதுப் பையனுக்கு அது கைவந்திருந்தது. ஆனால் அந்தத் தவணைப் பரீட்சையில் அவன் கேத்திரகணித வினாவைத் தொடவே இல்லை. "நிறுவுக" என்று கேட்டால் எப்படி எழுதத் தொடங்குவது என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பதாம் தரத்தில் சொல்லியிருக்கவேண்டியவர் அங்கே இல்லை. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: அங்கே ஆசிரியர் இல்லை. பெறுபேற்று அட்டையில் அது அவனுடைய குறையாக ஏறியது.

அதே பாடத்தை நகரத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இருக்கும் வகுப்பிலும் படிப்பித்திருக்கிறேன். அவர்கள் அதை முன்னரே ரியூட்டரியில், அதாவது தனியார் வகுப்பில், முடித்துவிட்டு வந்திருந்தார்கள். நிறுவலை வரி பிசகாமல் எழுதினார்கள். ஏன் என்று கேட்டபோது மௌனம். அந்தப் பிள்ளைகளைக் குறைத்து மதிக்கவில்லை, அவர்களும் என் மாணவர்கள். யோசிப்பதற்கு நேரம் கொடுக்காமல் அவர்களை ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓட்டிக்கொண்டிருப்பது நாங்கள்தான்.

இனி ஆசிரியர் விடயம். நெடுந்தீவில் படிப்பிக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தால், இருட்டோடு எழும்பி பஸ் ஏறி, புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து படகில் போகவேண்டும். காற்றுக் கிளம்பினால் படகு ஓடாது. திரும்பும் படகைத் தவறவிட்டால் வீடு இல்லை. பாடசாலை ஏழரைக்குத் தொடங்கவேண்டும் என்பது சுற்றுநிருபம். அங்கே நேரசூசியை எழுதுவது படகு. அந்த ஆசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன். இடமாற்றத்துக்கு ஆண்டுகளை எண்ணுகிறார்கள் என்றால், எண்ணாமல் இருக்க நாங்கள் என்ன செய்து கொடுத்தோம்? குடும்பத்தோடு தங்கக்கூடிய ஆசிரியர் விடுதிகளைக் கட்டிக் கொடுங்கள், அதன் பிறகு கேள்வி கேட்போம்.

இன்னொன்று. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் பாதிக்கு மேல் மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகின்றன. மாவட்டங்களுக்கு இடையில் உள்ள ஏற்றத்தாழ்வை அது பார்க்கும், மாவட்டத்துக்கு உள்ளே இருப்பதைப் பார்க்காது. ஆய்வுகூடத்துக்கும் ரியூட்டரிக்கும் நடந்து போகக்கூடிய நகரப் பிள்ளையும், உயர்தர விஞ்ஞானம் படிக்க உறவினர் வீட்டில் வந்து தங்கும் அனலைதீவுப் பிள்ளையும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. ஊர் நூலகங்களைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், முடியாது. விளையாட்டுக்கு மட்டும் ஒரு வரி: பிள்ளைகள் குறைந்த பாடசாலையில் ஓர் உதைபந்தாட்ட அணியைச் சேர்ப்பதே பெரும் பாடு, மாலை முழுவதும் வகுப்பில் இருக்கும் நகரப் பிள்ளைக்கு மைதானம் இருந்தும் நேரம் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் தரத்துக்கு நகரப் பாடசாலை விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒருமுறை உங்கள் ஊர் அதிபரைச் சந்தியுங்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் யார் படிப்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆள் இருந்தால் அவர்களோடும் பேசிப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் அயலில் பத்துப் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். தனியாகப் போகவேண்டாம், பத்துப் பேராகப் போங்கள். எழுத்தில் கொடுங்கள், பிரதியைக் கையில் வைத்திருங்கள், அடுத்த மாதமும் போங்கள்.

நன்றி. வணக்கம்.