ஒரே வீட்டுக் குரல்கள்

நேயர்களுக்கு வணக்கம். தர்மபுரிப் பக்கம் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று மைக் செட் கட்டியே பிழைத்தவன் நான். பாவலர் சகோதரர்களைப் பற்றிப் பேசச் சொன்னதும் உடனே சரி என்றேன்.

தேனிப் பக்கம் பண்ணைப்புரம். மூத்தவர் பாவலர் வரதராசன். தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன். கம்யூனிஸ்டு மேடைகளில் பாடிய குழு. சனங்கள் ஏற்கெனவே முணுமுணுக்கிற சினிமா மெட்டில் அரசியல் வரிகளைப் போட்டுப் பாடுவார் வரதராசன். மெட்டு பழகியது, அதனால் வார்த்தை நேராகப் போய்ச் சேரும். 1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தமிழர்கள் நிறைந்த தொகுதி. காங்கிரசின் சின்னம் அப்போது இரட்டைக் காளை. அந்தக் காளைகளையே கேலி செய்து பாட்டுக் கட்டினார். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

குழுவில் பெண் குரலுக்குச் சிறுவன் ராஜாதான். வயது வந்து குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார். போகிற இடமெல்லாம் நான் சொல்வது இது: இளையராஜாவின் முதல் பள்ளிக்கூடம் அண்ணனின் மேடை.

அண்ணன் தம்பி சேர்ந்து பாடுவதில் ஒரு விசேஷம் உண்டு. எங்கள் ஊர்களில் கூத்து விடிய விடிய நடக்கும். மேடைக்கு மேலே மைக்கைக் கயிற்றில் தொங்கவிடுவோம். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பின்பாட்டுப் பாடினால் ஒருவர் முந்துவார், ஒருவர் இழுப்பார். ஆம்ப்ளிஃபயர் திருகை விட்டுக் கையை எடுக்க முடியாது. அண்ணன் தம்பி பாடினால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். அண்ணன் மூச்சு இழுக்கிற சத்தம் மைக்கில் கேட்கும், அதற்குள் தம்பி அடுத்த வரியை எடுத்திருப்பார். கண்சாடைகூட இருக்காது. ஒரே வீட்டில் பேசிப் பழகிய வாய்கள் அல்லவா! எழுத்தை அழுத்துகிற இடமும் ஒன்று, விடுகிற இடமும் ஒன்று. இந்த இசைவைக் காசு கொடுத்து வாங்க முடியாது, நேயர்களே.

அப்புறம் அந்தத் தாய். 1968-ல் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்ப, சின்னத்தாய் அம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றார். இளையராஜாவே பலமுறை சொன்ன செய்தி. அந்தக் காலத்தில் ஒரு கிராமத்து வீட்டில் ரேடியோ எப்பேர்ப்பட்ட சொத்து என்று பெரியவர்களுக்குத் தெரியும். அதைக் கொடுத்துத்தான் நமக்கு இந்தப் பாட்டெல்லாம் வந்தது.

1976-ல் இளையராஜா இசையமைத்த முதல் படம் அன்னக்கிளி வந்தது. அதைப் பார்க்க வரதராசன் இல்லை, முன்பே மறைந்துவிட்டார். பிறகு தம்பிகள் படம் எடுத்தபோது நிறுவனத்துக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

கங்கை அமரன் பாட்டெழுதியதையும் இசையமைத்ததையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். அடுத்த தலைமுறையில் ஒருவரையாவது சொல்லிவிடுகிறேன். ராஜாவின் மகள் பவதாரிணி, பாரதி படத்தில் பாடித் தேசிய விருது பெற்றவர், 2024 ஜனவரியில் காலமானார். கார்த்திக் ராஜா, யுவன், வெங்கட் பிரபு, பிரேம்ஜி எல்லோரும் பாக்கி. இன்னொரு நாள் அழைத்தால் வருகிறேன். வணக்கம்.