முறுக்கு சுடத் தெரியாத ஆச்சி

நடுவர் அவர்களே, வந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு இதுதான், நர்சா இருந்து ரிட்டையர் ஆகி போய்ச் சேர்ந்த ஒரு ஆச்சி நம்ம மனசுல நிக்கிறது பார்த்த வேலையாலயா காட்டுன பாசத்தாலயா. நான் வேலைதான்னு பேச வந்திருக்கேன். எதிரணி அண்ணாச்சி இப்பதான் முறுக்கு, அதிரசம், மடியில போட்டு கதைன்னு கண் கலங்கப் பேசி கைதட்டல் வாங்கிட்டு உக்காந்தாரு. அண்ணாச்சி, எங்க ஆச்சிக்கு முறுக்கு சுடவே தெரியாது! தீபாவளின்னா அவங்களுக்கு நைட் டூட்டி, வெடியில கையச் சுட்டுக்கிட்டு வர்ற கூட்டம் அன்னைக்குத்தான வரும், எங்க அம்மாவுக்கு அதுல இன்னமும் வருத்தம் உண்டு, அதை நான் மறைக்கல.

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில வேலை. அவங்க சேர்ந்தப்போ போட்டுட்டு தூக்கி எறியுற ஊசியெல்லாம் ஏது, கண்ணாடி சிரிஞ்சுதான், கழுவி கொதிக்க வச்சு ஆறுனதும் மறுபடி அதையேதான் போடணும், ஊசி முனைய பஞ்சுல லேசா இழுத்துப் பார்ப்பாங்களாம், நார் மாட்டுச்சுன்னா முனை வளைஞ்சிருக்கு, பிள்ளைக்கு வலிக்கும், எடுத்து வச்சிருன்னு அர்த்தம். இது பாசமா வேலையா அண்ணாச்சி? நீங்க பாசம்னு சொல்லுவீங்க. ஆனா அந்தப் பிள்ளை யாரு பெத்த பிள்ளைன்னே ஆச்சிக்குத் தெரியாதே!

ரிட்டையர் ஆகியும் விடல. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு பக்கத்து வீட்டு அக்கா எட்டு மாசக் குழந்தையத் தூக்கிட்டு ஓடியாறாங்க, சளிதான் ஆச்சி, தைலம் தேய்ச்சேன்னு. ஆச்சி ஒண்ணும் பேசல. குழந்தை சட்டையத் தூக்கிவிட்டு வயித்தையே பார்த்தாங்க, இன்னொரு கையில வாட்சு, முழுசா ஒரு நிமிஷம். நான் வாயத் திறந்தேன், "சும்மா இருல"ன்னு ஒரு அதட்டு. எண்ணி முடிச்சா 62. அந்த வயசுக் குழந்தைக்கு மூச்சு 50 தொட்டாலே நிமோனியான்னு சந்தேகப்படணும்னு எனக்கு அப்புறமாத்தான் சொன்னாங்க, அப்போ சொன்னது ஒண்ணே ஒண்ணு, "ஆட்டோவக் கூப்பிடு". நிமோனியாவேதான். குழந்தை பொழைச்சுது. அன்னைக்கு ஆச்சி அந்தக் குழந்தையக் கொஞ்சவும் இல்ல, அந்த அக்காவுக்கு ஆறுதல் சொல்லவும் இல்ல, எண்ணுனாங்க, அவ்வளவுதான், அந்த அக்கா இன்னைக்கும் எங்க ஆச்சியப் பத்திப் பேச ஆரம்பிச்சா அந்த வாட்சுலதான் ஆரம்பிப்பாங்க.

கடைசியா ஒண்ணு. ஆச்சி படுக்கையில இருந்தப்போ ஒரு சின்னப் பொண்ணு வந்து டிரிப் போட்டுட்டு போச்சு. நான் ஆச்சி கையப் பிடிச்சுக்கிட்டு பாசமா ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கேன், அவங்க பார்வை எம் மேல இல்ல, மேல தொங்குற பாட்டில்லயே இருக்கு, உதடு மட்டும் அசையுது. சாமி கும்பிடுறாங்கன்னு நினைச்சேன். "ஏட்டி, வேகமாப் போகுது, குறை"ன்னு குரல் குடுத்தாங்க. 500 மில்லி, எட்டு மணி நேரத்துல ஏறணும், அந்த டிரிப் டியூப்புல மில்லிக்கு 20 சொட்டு, அப்போ நிமிஷத்துக்கு 21 சொட்டு. அந்தப் பொண்ணு திரும்பி வந்து வாட்சப் பார்த்து எண்ணுச்சு, 30.

மணி அடிச்சிட்டீங்க நடுவரே, உக்காந்துக்கிடுதேன்.