கஞ்சா கார்டு இருந்தா துப்பாக்கி வாங்க முடியாது... ஆனா வச்சிருக்கலாமா?

[திரையில்: 4473 படிவம். 21-வது கேள்வி பெருசாகுது]

அமெரிக்காவுல துப்பாக்கிக் கடையில ஒரு கேள்வி கேப்பாங்க. "ஆமா"ன்னு டிக் அடிச்சா வியாபாரம் அங்கேயே முடிஞ்சுது. "இல்லை"ன்னு அடிச்சா ஜெயில் வரைக்கும் போகலாம். டாக்டர் கையெழுத்தோட மருத்துவக் கஞ்சா எடுத்துக்கிற நோயாளிக்கு இதுல தப்பிக்கிற பதிலே கிடையாது.

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன். போதைப்பொருளைச் சட்டவிரோதமா பயன்படுத்துறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுங்கிறது 1968-ல வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1970-ல வந்த போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோட சேர்த்து அட்டவணை 1-ல, அதாவது ரொம்பக் கடுமையான தடைப் பட்டியல்ல வச்சது. 1996-ல கலிஃபோர்னியா மருத்துவக் கஞ்சாவை அனுமதிச்சது, வேற மாநிலங்களும் பின்னாடியே வந்தாங்க. மாநிலம் தலையாட்டிடுச்சுன்னு ஃபெடரல் சட்டம் அசையல.

இப்ப படிவத்துக்கு வருவோம். உரிமம் உள்ள கடையில வாங்குற ஒவ்வொருத்தரும் 4473-ஐ நிரப்பணும். "நீங்க கஞ்சாவையோ வேற போதைப்பொருளையோ சட்டவிரோதமா பயன்படுத்துறவரா?" நோயாளி என்ன நினைப்பார்? "எங்கிட்ட மாநிலம் கொடுத்த மருத்துவக் கஞ்சா கார்டு இருக்கு, நான் எடுக்கிறது சட்டப்படிதானே"ன்னு "இல்லை" அடிப்பார். அங்கதான் மாட்டிக்கிறார். அந்தக் கேள்விக்குக் கீழேயே தடித்த எழுத்துல ஒரு எச்சரிக்கை: உங்க மாநிலம் அனுமதிச்சிருந்தாலும் ஃபெடரல் சட்டப்படி இது குற்றம். 2016-ல படிவத்தைத் திருத்தினப்ப இதைச் சேர்த்தாங்க. தெரிஞ்சே பொய் எழுதினா 10 வருஷம் வரைக்கும் தண்டனை. தடையை மீறி வச்சிருந்தா, 2022-க்கு அப்புறம் 15 வருஷம் வரைக்கும்.

"விற்கறதுக்கு முன்னாடி நடக்கிற எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனையில ஓகேன்னு வந்துடுச்சே"ன்னு நிம்மதியாகாதீங்க. பல மாநிலங்கள்ல நோயாளிகள் பட்டியல் ரகசியம், அதனால அந்தக் கம்ப்யூட்டருக்குக் கார்டு தெரியாமலே போகலாம். சோதனை பாஸ் ஆனதால பொய் உண்மையாகிடாது. ஜோ பைடனோட மகன் ஹண்டர் பைடன் 2018-ல ஒரு ரிவால்வர் வாங்கினப்ப இதே கேள்விக்குத்தான் "இல்லை"ன்னு எழுதினார். அவர் விஷயத்துல கஞ்சா இல்ல, கிராக் கொக்கைன். துப்பாக்கி கைக்கு வந்துச்சு, 2024 ஜூன்ல குற்றவாளின்னு தீர்ப்பும் வந்துச்சு. டிசம்பர்ல, அப்ப ஜனாதிபதியா இருந்த அப்பா மன்னிப்பு கொடுத்தார். நம்ம அப்பாக்களுக்கு அந்த அதிகாரம் இல்ல மக்களே.

[திரையில்: நெவாடா வரைபடம், "வில்சன் எதிர் லிஞ்ச்"]

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நின்னு பாப்போம். துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கிற ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப். 2011 செப்டம்பர்ல எல்லாக் கடைக்காரங்களுக்கும் ஒரு கடிதம் போட்டுச்சு. வாங்க வர்றவர்கிட்ட மருத்துவக் கஞ்சா கார்டு இருக்குன்னு தெரிஞ்சாலே அவர் கஞ்சா எடுக்கிறவர்னு நம்பக் காரணம் இருக்கு, விற்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அதாவது, லைசன்ஸை எடுக்கப் பர்ஸைத் திறக்கும்போது பக்கத்துல அந்தக் கார்டு எட்டிப் பார்த்தாலே போதும்.

அடுத்த மாசமே நெவாடாவுல வில்சன்ங்கிற ஒரு பெண் துப்பாக்கி வாங்கப் போனாங்க. போதைப்பொருள் கேள்வியைக் காலியா விட்டுத்தான் படிவத்தைக் கொடுத்தாங்க. ஆனா கடைக்காரருக்கு அவங்ககிட்ட கார்டு இருக்கிறது முன்னாடியே தெரியும், விற்க மாட்டேன்னுட்டார். வழக்கு போட்டாங்க. அவங்க வாதம்: கார்டு இருக்கு, ஆனா நான் கஞ்சா எடுக்கிறதே இல்ல!

2016 ஆகஸ்ட்ல 9-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவங்க வாதத்தை ஏத்துக்கல. அதுக்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்க. கார்டு எடுக்கறதுக்கு முன்னாடியே துப்பாக்கிகளை வாங்கிக் குவிச்சிருக்கலாம். இல்ல, கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு எப்ப வேணா வாங்கிக்கலாம். அதனால துப்பாக்கி வச்சிருக்கிற உரிமை மேல விழற சுமை பெருசில்லையாம்! ரெண்டு தனித்தனி விதி இருக்கிறதாலதான் இந்தக் கூத்து. வச்சிருக்கறதைத் தடுக்கிற சட்டம் "எடுக்கிறீங்களா"ன்னு பார்க்குது. விற்கறதைத் தடுக்கிற கடிதம் "கார்டு இருக்கா"ன்னு பார்க்குது. கஞ்சாவைத் தொடாத கார்டுக்காரர் வீட்ல பத்து துப்பாக்கி இருக்கலாம், பதினோராவது மட்டும் கடையில கிடைக்காது. என்னைக் கேட்டா, ஆபத்தைக் குறைக்க எழுதின விதி மாதிரியே இது தெரியல. நீங்க என்ன நினைக்கிறீங்க, கமெண்ட்ல சண்டை போடுங்க.

ஹவாய்ல துப்பாக்கியும் பதிவு, நோயாளியும் பதிவு. 2017-ல ஹோனலூலு போலீஸ் ரெண்டையும் ஒப்பிட்டு, 30 நாள்ல துப்பாக்கியை ஒப்படைங்கன்னு கடிதம் அனுப்பிட்டு, எதிர்ப்பு கிளம்பினதும் பின்வாங்கினாங்க.

வீட்ல ஒருத்தர் நோயாளி, துணைவர்கிட்ட துப்பாக்கின்னா? துணைவருக்குத் தடை இல்ல. ஆனா அது அலமாரியில கிடந்து நோயாளி கைக்கு எட்டினா, அவரும் வச்சிருந்ததாவே வழக்கு வரலாம். பூட்டுற பெட்டி வேணும், நம்பர் துணைவருக்கு மட்டுமே தெரியணும். தனிநபர்கிட்ட வாங்கினா படிவம் இல்லாம போகலாம், தடை அப்படியேதான் இருக்கும்.

2022-ல உச்ச நீதிமன்றத்தோட புரூவன் தீர்ப்பு, துப்பாக்கிச் சட்டங்களை வரலாற்று வழக்கத்தோட ஒப்பிடணும்னு சொன்ன பிறகு காத்து மாறுச்சு. 5-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், போதையில இல்லாதப்ப வச்சிருந்ததுக்காக ஒருத்தரைத் தண்டிக்க முடியாதுன்னு சொல்லுச்சு. 2025 ஆகஸ்ட்ல 11-வது வட்டார நீதிமன்றம், இந்தத் தடையை எதிர்த்த ஃப்ளோரிடா நோயாளிகளோட வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்துச்சு. அக்டோபர்ல உச்ச நீதிமன்றமே, இதே தடை செல்லுமான்னு கேக்கிற ஹெமானி வழக்கைக் கையில எடுத்துச்சு.

கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைவான அட்டவணை 3-க்கு மாத்தினா தீர்ந்துடும்னு நினைக்கிறவங்களுக்கு: துப்பாக்கித் தடைச் சட்டம் அட்டவணை எண்ணைப் பார்க்கறதில்ல. கெட்டமைன் அட்டவணை 3-லதான் இருக்கு, மருந்துச்சீட்டு இல்லாம எடுத்தா அதுவும் சட்டவிரோதப் பயன்பாடுதான். கஞ்சாவுக்கு டாக்டர் கொடுக்கறது மருந்துக்கடையில நீட்டுற சீட்டு இல்ல, "இவருக்கு உதவும்"ங்கிற பரிந்துரைதான்.