கண் இருட்டிக்கொண்டு வரும் அந்த ஒரு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

"திடீர்னு மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க டாக்டர்." மயங்கி விழுந்தவரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும் கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நின்றுகொண்டிருந்தாரா, படுத்திருந்தாரா? விழுவதற்கு முன் வேர்த்ததா? முகம் வெளுத்ததா? எத்தனை நொடியில் கண் திறந்தார்? திறந்ததும் ஆளை அடையாளம் தெரிந்ததா? விழுந்தவருக்கு இதில் பாதி தெரியாது. பார்த்தவரோ வீட்டிலேயே இருந்துவிடுவார். தலைக்கு ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண மயக்கத்தில் ஸ்கேன் அநேகமாக ஒன்றும் காட்டாது. காரணம் ஒளிந்திருப்பது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "மயக்கமா இருக்கு" என்று நாம் எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். வீடே சுற்றுவது போலிருந்தால் அது தலைசுற்றல். பெரும்பாலும் உள்காதில் கோளாறு. உடம்பு தளர்ந்து கிடந்தால் அது அசதி. கண் இருட்டி, காது அடைத்து, சில நொடிகள் நினைவு தப்பி, தானாகவே தெளிவதுதான் நான் இன்று பேசுகிற மயக்கம். மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் குறைவதால் வருவது அது.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே ரத்தக்குழாய்கள் இறுகி, இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து, அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும். இந்த ஏற்பாடு தவறினால் அழுத்தம் சரியும். மூளைக்கு ரத்தம் அடியோடு நின்றால் 6 முதல் 8 நொடிகளில் நினைவு போய்விடும். கீழே விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன, ரத்தம் திரும்புகிறது, கண் திறக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், விழுகிறவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக நிமிர்த்திப் பிடிப்பதும், நாற்காலியில் உட்காரவைப்பதும் அன்பால் செய்கிற கெடுதல்.

இதில் மிகவும் சாதாரணமான வகையை ரத்தப் பரிசோதனை நிலையங்களில் தினமும் பார்க்கலாம். ஊசி கையில் ஏறுகிறது. அந்த இளைஞருக்கு ஒரு கொட்டாவி வருகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, உதடு வெளுக்கிறது. பேச்சுக் குரல் தூரத்திலிருந்து கேட்பது போலிருக்கிறது. பயமோ வலியோ ஒரு நரம்பு அனிச்சையைத் தூண்டிவிட, நாடி மெதுவாகி, ரத்தக்குழாய்கள் தளர்ந்துவிட்டன. பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் சாப்பிடாமல் வெயிலில் நிற்கும் பிள்ளைக்கும், திருவிழாக் கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்பவருக்கும் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இந்த அறிகுறிகள் தெரிந்தவுடன் அங்கேயே படுத்துவிட வேண்டும். கால்களைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே காற்றுக்கு நடந்து போகிறவர்தான் வழியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார். படுக்க இடமில்லாத பேருந்தில், வரிசையில் என்றால் காலின் மேல் காலைப் பின்னி, தொடையையும் புட்டத்தையும் இறுக்குங்கள். இரண்டு கை விரல்களையும் கொக்கி போல் மாட்டி எதிரெதிராக இழுங்கள். தசை இறுகினால் காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். ரத்தம் கொடுத்தால் மயங்கும் பழக்கம் உள்ளவர்கள், "படுத்துக்கொண்டு எடுக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மயங்கிய நேரத்தில் கை கால் நாலைந்து முறை வெட்டி இழுப்பதுண்டு. உடனே "வலிப்பு" என்று கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். சாவியால் ஒரு பயனும் இல்லை. ரத்தம் குறைந்ததால் வரும் அந்த வெட்டல் பொதுவாக 15 நொடிகளுக்குள் நின்றுவிடும். கண் திறந்ததும் ஆள் தெளிவாகப் பேசுவார். வலிப்பு நோயில் இழுப்பு ஒரு நிமிடம், அதற்கு மேலும் நீடிக்கும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும், பிறகு பல நிமிடங்கள் குழப்பமாகவே இருப்பார். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

அடுத்து, வயதானவர்கள். நள்ளிரவில் சிறுநீர் முட்டுகிறது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து சட்டென்று எழுந்து, கழிப்பறையில் நின்றபடி கழிக்கிறார் தாத்தா. படுக்கைச் சூட்டில் ரத்தக்குழாய்கள் தளர்ந்திருக்கின்றன, நிரம்பிய பை திடீரென்று காலியாகிறது, போதாததற்கு இரவு போட்ட பிராஸ்டேட் மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. விழுகிறார், இடுப்பு எலும்பு முறிகிறது. கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்து, உட்கார்ந்தே சிறுநீர் கழித்தால் இந்த விழுகையில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். வீட்டில் பிபி பார்க்கும் கருவி இருந்தால் 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1வது நிமிடத்திலும் 3வது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பாருங்கள். மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"சுகர் இறங்கியிருக்கும்" என்று எல்லா மயக்கத்துக்கும் சொல்வது வழக்கமாகிவிட்டது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்காதவர்களுக்கு அது அபூர்வம். சர்க்கரை குறைந்தால் பசி, நடுக்கம், வியர்வை, பேச்சில் தடுமாற்றம் எனப் படிப்படியாக வரும். படுக்கவைத்தால் மட்டும் தெளியாது. நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

இனி, தள்ளிப்போடக் கூடாத மயக்கங்கள். ஓடும்போதோ, மாடி ஏறும்போதோ, விளையாடும்போதோ வருவது. படுத்திருக்கும்போதே வருவது. எந்த முன்னறிகுறியும் இல்லாமல் கரண்ட் போனது போல் அணைந்து, முகத்தில் அடிபட விழுவது. நெஞ்சு வலியோ படபடப்போ முன்னால் வந்தது. நெருங்கிய உறவில் 40 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருப்பது. இவை இதயத்தைச் சந்தேகிக்க வைப்பவை. வயதானவர்களுக்கு இதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டு நாடி 40க்குக் கீழே இறங்கலாம், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தால் சரியாகும். வால்வு சுருங்கியிருக்கலாம். இளைஞர்களுக்கு இதயத் தசை தடித்திருக்கலாம். எனவே முதல் முறை மயங்கியவர் யாராக இருந்தாலும் ஒரு ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு மயக்கம் வந்தால், கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருக்கலாம். நேரே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். தார் போல் கறுப்பாக மலம் போயிருந்தாலும் அப்படியே, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம்.

கண் முன்னால் ஒருவர் விழுந்தால் மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, கூட்டத்தை விலக்குங்கள். நிறைமாதக் கர்ப்பிணியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தெளிந்ததும் 10, 15 நிமிடமாவது எழுப்பாதீர்கள். பலர் இரண்டாவது முறை விழுவது இந்த அவசரத்தில்தான். ஒரு நிமிடத்துக்குள் தெளியாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை, அல்லது விட்டு விட்டு ஏங்குகிறார் என்றால் அது மயக்கமே இல்லை, இதயம் நின்றிருக்கிறது. நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்திக்கொண்டே இருங்கள்.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். விழுந்ததைப் பார்த்தவரைக் கூடவே கூட்டிப் போங்கள். அவரால் வர முடியாவிட்டால், டாக்டர் அறையிலிருந்தே அவருக்குப் போன் போட்டு, பேசச் சொல்லிக் கொடுங்கள்.

வணக்கம்.