தபால் பையின் கழுத்து: கயிறு, பூட்டு, சீல்

(காட்சி: மேசை மேல் ஒரு கான்வாஸ் தபால் பை. வாயைச் சுருக்கிக் கயிறு கட்டியிருக்கிறது. முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு முத்திரை.)

இந்தப் பைக்குள் நூறு கடிதங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கயிற்றை நாலு சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, அரக்கும் வைத்தாயிற்று. முத்திரையைத் தொடக்கூடாது, கயிற்றை அறுக்கக்கூடாது, பையையும் கிழிக்கக்கூடாது. உள்ளேயிருந்து ஒரே ஒரு கடிதத்தை எடுக்க முடியுமா?

(காட்சி: இரண்டு கைகள் பையின் கழுத்தைப் பிசைகின்றன. துணியின் மடிப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இழுபடுகின்றன. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, முடிச்சோடும் முத்திரையோடும் வளையல் மாதிரி கழன்று வருகிறது.)

எடுத்தாயிற்று. இதே வளையத்தைத் திரும்ப மாட்டி, துணியை மேலே இழுத்துவிட்டால், கட்டியவருக்கே வித்தியாசம் தெரியாது. முத்திரை அப்படியே பளபளவென்று இருக்கிறது!

தபால் பையை மூடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. எல்லோரும் முத்திரையைத்தான் பார்ப்பார்கள். கோட்டை விடுவது கழுத்தில்.

சரி, கழுத்தை எப்படிப் பிடிப்பது? கயிறு துணியைச் சுற்றி மட்டும் போகாமல், துணிக்குள்ளேயே புகுந்து வர வேண்டும். பையின் வாயோரம் உலோக வளையம் வைத்த துளைகள் இருந்தால், கயிறு அவற்றின் வழியே கோத்து வரும். மேலே நழுவ வழியில்லை. துளை இல்லாத பை என்றால், சுருக்கிய கழுத்தை முறுக்கி, கீழ்நோக்கி மடித்து, மடிந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துக் கட்டலாம். ஒரு பாதி நழுவப் பார்த்தால் மறு பாதி மறிக்கும்.

(காட்சி: கயிற்றின் மேல் ஓடும் சிறிய உலோகப் பிடி, மிக அருகில்.)

அடுத்தது இறுக்கம். கையால் போடும் முடிச்சு ஆளுக்கு ஆள் மாறும். அவசரத்தில் கட்டினால் தொளதொளவென்று இருக்கும். அதற்காக வந்ததுதான் இந்த மாதிரிப் பிடி. கயிறு இதற்குள் ஒரு பக்கமாக மட்டும் ஓடும். எதிர்ப்பக்கம் இழுத்தால், உள்ளே இருக்கும் பல் வைத்த நெம்பு கயிற்றைக் கடித்துக்கொள்ளும். பைக்குள் இருக்கும் சுமை கழுத்தை விரிக்கப் பார்க்கப் பார்க்க, கடி இன்னும் பலமாகும். சுமையின் பாரத்தையே பிடிக்கு வேலைக்கு வைக்கும் இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பைப் பிடிகளுக்கு நிறையக் காப்புரிமைகள் வாங்கினார்கள். வில்லியம் பர்விஸ் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் 1882இல் ஒன்று வாங்கினார். பிறகு 1890இல் ஊற்றுப்பேனா ஒன்றுக்கும் காப்புரிமை பெற்றவர் அவர்தான்.

ஆனால் இந்தப் பிடி பையை மூடும், அவ்வளவுதான். நெம்பைத் தூக்கினால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திறந்த சுவடும் இருக்காது. செய்தித்தாள் கட்டுகளுக்கு அது போதும். பதிவுத் தபாலுக்குப் போதாது.

(காட்சி: வரைபடம். பையின் வாயோரம் வரிசையாக உலோகக் கொக்கிகள். எதிர்ப்பக்கத் துளைகள் அவற்றின் மேல் வந்து உட்காருகின்றன. எல்லாக் கொக்கிகளுக்குள்ளும் ஒரு தோல் வார் ஓடுகிறது. கடைசியில் ஒரு பூட்டு.)

பதிவுத் தபாலுக்கு அமெரிக்கத் தபால் துறை செய்த ஏற்பாடு இது. ஒரே வார், ஒரே பூட்டு, வாய் முழுக்க அடைபட்டுவிடும். இதில் கவனிக்க வேண்டியது பூட்டைத்தான். அதன் முகத்தில் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஓர் எண். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எண் ஒன்று கூடும். பின்னால் திருப்பி வைக்க முடியாது. பையை ஒப்படைப்பவர் எண்ணை எழுதிக்கொடுக்கிறார், வாங்குபவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். எழுதியிருப்பது 417, பூட்டு காட்டுவது 418 என்றால், வழியில் யாரோ திறந்திருக்கிறார்கள். அவரிடம் அசல் சாவியே இருந்தாலும் தப்ப முடியாது.

இந்த மாதிரி பூட்டிய தபால் பைக்குள்ளிருந்து வெளியே வருவதை, கட்டுகளிலிருந்து தப்பிக்கும் வித்தைக்குப் பேர்போன ஹூடினி மேடையில் செய்துகாட்டினார். அவர் போனது உள்ளேயிருந்து வெளியே. திருடனுக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை. அதை விடுவோம்.

(காட்சி: ஈய வில்லை ஒன்று. இரண்டு துளைகள். சணல் நூலின் இரு முனைகளும் அவற்றின் வழியே போகின்றன. இடுக்கி அழுத்துகிறது.)

பூட்டு கனமானது, திரும்பி வர வேண்டியது, சாவிக்கு வேறு காவல் வேண்டும். அதனால் பெரும்பாலான பைகளுக்கு முத்திரைதான். அரக்கு பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் குளிரில் விண்டுபோகும், வெயிலில் இளகும். சூடான மெல்லிய கத்தியால் அதை முழுசாகப் பெயர்த்தெடுப்பதும் பழைய வித்தை. ஈயம் அப்படியில்லை. மெத்தென்ற உலோகம், இடுக்கி அழுத்தியதும் சூடு எதுவும் இல்லாமலே பிதுங்கி, நூலின் இழைகளுக்குள் புகுந்துவிடும். இடுக்கியின் வாயில் அலுவலகத்தின் பெயர் செதுக்கியிருக்கும், அது ஈயத்தில் பதியும். நூலை உருவினால் இழை பிய்ந்துபோகும். ஈயத்தை நெம்பினால் எழுத்து சிதையும். ஈயம் உடம்புக்குக் கேடு என்பதுதான் அதற்கு வினையானது.

(காட்சி: வால் நீண்ட பிளாஸ்டிக் சீல். வரிசை எண். பாதியாக வெட்டிக் காட்டிய தலை.)

இப்போது அதிகம் பார்ப்பது இதைத்தான். வாலைக் கழுத்தில் சுற்றி, தலைக்குள் சொருகி இழுக்கிறோம். உள்ளே சாய்வான பற்கள். வால் முன்னே போகும், பின்னே வராது. வெட்டிய தலையை உற்றுப் பாருங்கள். பல்லுக்கும் வாலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறதே, அதில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பல்லைத் தூக்கிவிட்டால் வால் சத்தமில்லாமல் பின்வாங்கும். பிளாஸ்டிக் பல் என்றால் சூடு காட்டியும் இளக வைக்கலாம். நல்ல சீல்களில் தலைக்குள் உலோகப் பல் வைப்பதும், தலையை மூடியே வார்ப்பதும் இதனால்தான். கம்பிவடச் சீல்களில் இன்னொரு தந்திரம் உண்டு: வடத்தை வெட்டினால் இழைகள் பூப்போல விரிந்துவிடும், துளைக்குள் திரும்ப நுழையவே நுழையாது.

சரக்குப் பெட்டகச் சீல்களுக்கான ஐஎஸ்ஓ 17712 தரம், பலத்தை வைத்து மூன்று வகை பிரிக்கிறது. திறந்ததைக் காட்ட மட்டும் இருப்பது கடைசி வகை. பைச் சீல்கள் அந்த இனம்தான். கத்தரிக்கோலுக்கே அறுந்துவிடும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சேருமிடத்தில் திறக்க வேண்டுமே.

பலமான சீல் போட்டிருந்தால் திருட்டு நடக்காது என்று நினைப்பவர்களுக்கு 1963 ஆகஸ்ட் 8 நினைவிருக்கட்டும். இங்கிலாந்தில் தபால் ரயிலை மறித்தவர்கள் 120 பைகளை மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே சுமார் 26 லட்சம் பவுண்டு. சீல் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சீல் காட்டிக்கொடுப்பது, பை பத்திரமாக வந்து சேர்ந்ததாக நடிக்கும் திருட்டைத்தான்.

அப்புறம், தையல். கழுத்தை எவ்வளவு பார்த்துக் கட்டினாலும், பையின் அடித்தையலைப் பிரித்து, எடுத்து, அதே நூலால் திரும்பத் தைக்கலாம். தையல் உள்பக்கம் இருக்கும் பை கொஞ்சம் தேவலை.

(காட்சி: பை வந்து சேர்ந்துவிட்டது. ஒரு கை சீலுக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்க்கிறது.)

திறப்பவர் முதலில் செய்வது இது. விரல் நுழைந்தால் கட்டு தளர்வு என்று அர்த்தம். பிறகு எடை, சீட்டில் உள்ள எண், சீலில் உள்ள எண். எல்லாம் ஒத்துவந்தால் கத்தரிக்கோல். எங்கே வெட்டுவது என்பதிலும் முறை உண்டு: முடிச்சையோ சீலையோ தொடாமல், எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு வெட்டு. கயிறும் சீலும் முகவரிச் சீட்டும் ஒரே கோவையாகக் கழன்று வரும்.

(காட்சி: அந்தக் கோவை மேசை ஓரத்தில் கிடக்கிறது. பக்கத்தில் கடிதங்களைப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள்.)

கடைசிக் கடிதம் வரை சரிபார்த்து முடியும் மட்டும் அது அங்கேயே கிடக்கும். கணக்கு நேரானால் குப்பைக்கூடைக்கு. ஒரு கடிதம் குறைந்தால், முதலில் எல்லோரும் கையில் எடுப்பது அதைத்தான்.